முதல் நாள் நின்றால் போதும்

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வங்கிக் கணக்கைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. டயர் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தொழில் நடத்தும் அவளைத் தெருவே ‘வட்டக்கா’ என்றுதான் கூப்பிடுகிறது. அவளைவிட எவ்வளவோ மூத்தவரான டயர் கடைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

“நான் உங்களுக்கு எப்படிண்ணே அக்கா ஆனேன்?” என்று அவள் சண்டைக்குப் போனால், “பேரே அப்படி அமைஞ்சு போச்சு, நான் என்ன பண்றது?” என்பார்.

தொழில் என்னவென்றால், மற்றவர்களின் கடைக்கு ஆள் கொண்டு வருவது. செல்போனில் நாம் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து நிற்கிறதே விளம்பரம், அதை யாருக்குக் காட்டுவது, எந்த நேரத்தில் காட்டுவது, என்ன படம் வைப்பது, என்ன எழுதுவது, நாளொன்றுக்கு எவ்வளவு செலவழிப்பது என்று கணக்குப் பார்த்து ஓட்டுகிற வேலை. கண்ணாடிக் கடைக்காரருக்கு, பல் மருத்துவருக்கு, சைக்கிள் பழுது பார்ப்பவருக்கு என்று பலருக்கும் வந்து சேர்கிற புது முகங்கள் அந்த டயர் வாசனை அடிக்கும் அறையிலிருந்துதான் அனுப்பப்படுகிறார்கள்.

இதை யாரும் அவளை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. முன்பு ஒரு டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கிற வேலையில் இருந்தாள். கேட்ட விவரத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் இவளுக்கு வாய் சும்மா இருக்காது. வைப்பதற்கு முன், “எங்களைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்காமல் விட மாட்டாள். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. போன் நிறைய வருகிறது, ஆனால் பாதி அழைப்பு எங்கெங்கோ இருக்கிற ஊர்களிலிருந்து வருகிறது. கிளட்ச் மிதிக்கப் பழக யார் அரை நாள் பஸ்ஸில் வரப்போகிறார்கள்?

விளம்பரம் போடுகிறவரிடம் போய், “அண்ணே, மேப்ல நீங்க போட்டிருக்கிற வட்டத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்றாள். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். விளம்பரம் போய்ச் சேருகிற அந்த வட்டத்துக்குள் இரண்டு மலையும் ஒரு பெரிய ஏரியும் இருந்தன.

“மலைக்கும் மீனுக்குமாண்ணே கார் ஓட்டச் சொல்லித் தரப் போறோம்? சுருக்குங்கண்ணே!”

“அவ்ளோ வேகமா இருந்தா நீயே சுருக்கும்மா” என்று சிரித்துக்கொண்டே மவுஸை அவள் பக்கம் தள்ளினார் அவர்.

சுருக்கினாள். சில நாட்களில் பழக வருகிறவர்களுக்குக் கார் போதாமல் போனது. அன்று பிடித்த வட்டத்தை அவள் பிறகு விடவேயில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், டம்ளரின் ஈர அடியை மேசைமேல் பதித்துவிட்டு, “இதான் உங்க கடைன்னு வச்சுக்கோங்க...” என்று ஆரம்பித்துவிடுவாள். இப்படிப்பட்டவளுக்கு வேறு என்ன பெயர் வரும்?

*

அவளுக்கு ஒரே தங்கை. நீச்சல் சொல்லித் தருகிறவள். ஒரு பள்ளிக்கூடத்தில் நல்ல சம்பளத்தில் இருந்தாள். ஆனால் அவளுக்குள் ஓர் ஆசை இருந்தது. பிள்ளைகள் தானாகவே தண்ணீரில் விழுந்து எழுந்து பழகிவிடும். தண்ணீரைக் கண்டாலே பத்தடி தள்ளிப் போகும் பெரியவர்களுக்குத்தான் சொல்லித் தர ஆள் இல்லை, நாம் ஏன் செய்யக் கூடாது?

இதை அவள் அக்காவிடம் சொன்ன அன்றைக்கு அக்காவின் வாயைக் கட்டிப்போட யாரும் அருகில் இல்லை. “நீ வேலையை விட்டுட்டு ஆரம்பி. ஆள் கொண்டு வர்றது என் பாடு!” என்று சொல்லிவிட்டாள். தங்கை மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். அக்கா சொன்னால் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

இடம் கிடைத்தது. ஒரு தனியார் நீச்சல் குளம். அதன் சொந்தக்காரர் அறுபதைத் தொட்டவர். அவருடைய அப்பா கட்டி விட்டுப்போன குளம். பளபளக்கும் ஷூ, இடுப்பில் கொத்துச் சாவி. நடக்கும்போது சாவி முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். எதைச் சொன்னாலும் “அப்படியா சேதி!” என்பார். குளத்தைச் சுற்றி வரும்போது சுவரை ஒட்டியே நடப்பார். விளிம்புப் பக்கம் வரவே மாட்டார். ஷூ நனைந்துவிடும் என்ற கவலையாக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் போட்ட நிபந்தனையும் வித்தியாசமானது. குளத்தின் ஆழமில்லாத முனையில், சுவரை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எஃகுக் கம்பி ஒன்று ஓடுகிறது. புதிதாக வருகிறவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு. அதைக் காட்டிச் சொன்னார்.

“டீச்சர், பிறந்தநாள் பார்ட்டி வைக்கிறவங்க மதிய நேரத்தைக் கேட்டு என்னைத் தூங்க விடல. உங்களுக்காக இந்த மாசம் மட்டும் நிறுத்தி வைக்கிறேன். கடைசி சனிக்கிழமை வருவேன். இந்தக் கம்பியில முனைக்கு முனை ஆள் நிக்கணும். நின்னா மதியம் உங்களுக்கு. நடுவுல ஓட்டை தெரிஞ்சா, பலூன் கட்ட ஆள் வந்துடும்.”

“நிக்கும் சார்” என்றாள் தங்கை, அக்காவைத் திரும்பிப் பார்த்தபடி.

“முனைக்கு முனை நிக்கும்!” என்றாள் அக்கா.

*

வட்டக்கா குளத்தை நடுவில் வைத்து வட்டம் போட்டாள். மதியம் ஒருவர் வண்டியில் வந்து, குளித்து, தலை துவட்டித் திரும்பிப் போகிற தூரம் எவ்வளவோ அவ்வளவுதான். படம்: கட்டுமஸ்தான ஒரு இளைஞன் உயரத்திலிருந்து தண்ணீருக்குள் பாய்கிறான், துளிகள் வைரமாய்த் தெறிக்கின்றன. ‘நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்! உற்சாகமாக வாழுங்கள்!’ என்று மேலே எழுத்து. தங்கைக்குப் படம் மிகவும் பிடித்துப்போனது. வீட்டில் எல்லாரிடமும் காட்டினாள்.

விளம்பரம் ஓட ஆரம்பித்ததும் அதை விரலால் தட்டித் திறக்கிறவர்களின் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. இவ்வளவு தட்டல்களை வட்டக்கா எந்தக் கடைக்கும் பார்த்ததில்லை. “அடியே, தண்ணில எடமிருக்குமான்னு பாரு! அப்புறம் நிக்க வைக்க முடியல, ஒருத்தர் தோள்ல ஒருத்தரை ஏத்தணும்னு சொல்லாத!” என்று தங்கையிடம் குதித்தாள்.

ஆனால் குளத்துக்கு வந்தது இரண்டே பேர். ஒரு தையல்காரம்மா, ஒரு லாரி டிரைவர். அவர்களும் விளம்பரம் பார்த்து வந்தவர்கள் இல்லை. வாசல் பலகையைப் பார்த்து வந்தவர்கள்.

தட்டல் ஏறிக்கொண்டே போகிறது, செலவும் கூடவே ஏறுகிறது, குளம் காலியாகக் கிடக்கிறது. வட்டக்கா திரைக்குள் தலையை விட்டாள். தட்டுகிறவர்கள் யார் என்று வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள்! தட்டிவிட்டு உடனே வெளியேறிவிடுகிறார்கள். நேரமும் ஒழுங்காக இருந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். தாத்தாக்களும் பாட்டிகளும் நேரம் தவறாமல் நீச்சலைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்றால் இதில் என்னவோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

விடை ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். சாப்பிட்டு முடித்த பெரியப்பா ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டார், தண்ணீர் குடித்தார், கண்ணாடியை மூக்கில் ஏற்றினார், செல்போனை எடுத்தார். ஆள்காட்டி விரலை உயர்த்தி, கேரம் காயை அடிப்பதுபோல் குறி பார்த்து, ஒரு தட்டுத் தட்டினார். பிறகு திருப்தியாக போனைக் கீழே வைத்தார்.

“என்ன பெரியப்பா தட்டுனீங்க?”

“உன் தங்கச்சி விளம்பரம்தான் கண்ணு! தினம் காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. விட்டதே இல்ல.”

“ஆமா, மாத்திரைய மறந்தாலும் இதை மறக்க மாட்டாரு” என்றாள் பெரியம்மா உள்ளேயிருந்து.

“நான் மட்டுமில்ல” என்று பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தினார். “குடும்ப குரூப்ல போட்டு விட்டேன்ல! நம்ம பொண்ணு விளம்பரம் போன்ல வந்தா எல்லாரும் விடாம தட்டணும்னு. உங்க அத்தை இருக்காளே, அவ கையில சும்மா இருக்கிற பேரப்பிள்ளை போனையும் வாங்கித் தட்டுறா. அன்னைக்குக் கல்யாண வீட்டுல சம்பந்தி வீட்டாரையும் தட்ட வச்சுட்டோம்!”

வட்டக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவள் போட்ட வட்டத்துக்குள்தான் குடியிருக்கிறார்கள். வட்டம் சரி, ஆனால் வட்டத்துக்குள் பாசம் அதிகமாகிவிட்டது!

மேசைமேல் டம்ளரைப் பதித்தாள். “பெரியப்பா, இங்க பாருங்க. விளம்பரத்தைக் கொண்டு போய்க் காட்டுறது மனுசன் இல்ல, ஒரு மெஷினு. யாரு தட்டுறாங்கன்னு அது கவனிக்கும். நீங்க எல்லாரும் தட்டுனதும், ‘ஓகோ, நீச்சல்னா இவங்களுக்குத்தான் உசுரு போல’ன்னு நினைச்சுக்கிச்சு. இப்ப ஊர்ல உங்கள மாதிரி இருக்கிறவங்களைத் தேடித் தேடிப் போய்க் காட்டுது. வீட்டுல உக்காந்துக்கிட்டு, விரல் சும்மா இருக்காம, வர்றதையெல்லாம் தட்டுறவங்க. அவங்களும் தட்டுறாங்க. யாரும் தண்ணில இறங்க மாட்டாங்க. ஒவ்வொரு தட்டுக்கும் தங்கச்சி காசு குடுக்கிறா.”

பெரியப்பாவின் முகம் சுருங்கியது. “நான் தட்டுனதுக்கு அவளா காசு குடுத்தா?”

“பாசத்துல பண்ணுனீங்க, விடுங்க.”

“என்ன விடுறது!” பெரியப்பா எழுந்தே விட்டார். அங்கேயே, அவள் கண் முன்னாலேயே, குரூப்பில் குரல் பதிவு போட்டார். “எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே நம்ம வீட்டு ஆளுங்க யாரும் அந்த விளம்பரம் இருக்கிற பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது. மீறித் தட்டுற விரலை நான் சும்மா விட மாட்டேன்!”

உடனே அத்தையின் பதில் வந்தது. “அதைத் தட்டச் சொன்ன விரலை முதல்ல கவனிங்க அண்ணே.”

*

தப்பாகப் பழகிய விளம்பரத்தைத் திருத்த முடியாது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். இம்முறை வட்டக்கா இரண்டு காரியம் செய்தாள். அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களை, மனமில்லாமல், வட்டத்துக்கு வெளியே நிறுத்தினாள். தட்டுகிறவர்களைத் தேடாதே, போன் செய்து பேசுகிறவர்களைத் தேடு என்று மெஷினுக்குச் சொன்னாள். ஆனால் அவர்களிடம் என்ன சொல்வது? அதுதான் பிடிபடவில்லை.

மடிக்கணினியை மூடிவிட்டுக் குளத்துக்குப் போய் உட்கார்ந்தாள். டிரைவிங் ஸ்கூலில் கற்ற பாடம் அது. தெரியவில்லை என்றால், வந்தவர்களைக் கேள்.

ஆழமில்லாத முனையில் தையல்காரம்மாவும் லாரி டிரைவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் அதை ஸ்டியரிங்போல இரு கையாலும் இறுக்கியிருந்தார்.

“அண்ணே, கம்பிய விடுங்க” என்றாள் தங்கை.

“விட்டா வண்டி எங்க போகும்னு தெரியாது டீச்சர்” என்றார் அவர்.

தையல்காரம்மா வெளியே வந்து துண்டைப் போர்த்திக்கொண்டதும் வட்டக்கா பேச்சுக் கொடுத்தாள். “ஏம்மா, எவ்ளோ தூரம் நீந்தணும்னு ஆசை?”

“நீந்தவா? அட போங்கம்மா! எம் பையன் தண்ணியப் பார்த்தாலே குதிக்கிறான். நான் கரையில நின்னுக்கிட்டு அவன் பேரைச் சொல்லிக் கத்துறேன். பயமில்லாம அவன் பக்கத்துல தண்ணில நிக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும். நீச்சல் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

“நீங்கண்ணே?” என்று டிரைவரைக் கேட்டாள்.

“ஊரெல்லாம் ஆத்துப் பாலத்து மேல ஓட்டுறேன். ஒவ்வொரு பாலத்துலயும் மூச்சை அடக்கிக்கிட்டுதான் தாண்டுறேன். கிளீனர் கேட்டா ஸ்பீடு பாக்கிறேன்னு சொல்லிச் சமாளிக்கிறேன்.”

வட்டக்கா பெஞ்சில் இருந்து துள்ளி எழுந்தாள். ஈரத் தரை வழுக்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். கிடைத்துவிட்டது! பாய்கிற இளைஞன் படத்தைப் பார்த்து உற்சாகப்படுகிறவனுக்கு ஏற்கனவே நீச்சல் தெரியும். தெரியாதவனோ அந்தப் படத்தைப் பார்த்ததும் இன்னும் பத்தடி தள்ளிப் போவான். ஆசை உள்ளவனுக்கு இல்லை, பயம் உள்ளவனுக்குத்தான் இந்த வகுப்பு!

உடனே தையல்காரம்மாவைக் கேட்டு மறுபடி தண்ணீரில் நிற்க வைத்தாள். பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தாள். இடுப்பளவுத் தண்ணீர், கம்பியைப் பிடித்த கை, அவ்வளவுதான். மேலே இரண்டு வரி எழுதினாள்:

‘முதல் நாள் நீந்த வேண்டாம். நின்றால் போதும்.’

தங்கை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “அக்கா, இது என்னக்கா, துணி துவைக்க வந்தவங்க மாதிரி இருக்கு! அந்தப் பையன் பாயறது எவ்ளோ ஜோரா இருந்துச்சு!”

“அந்தப் பையன் மேல உனக்கு என்னடி இவ்ளோ அக்கறை? வீட்டுக்காரரு கேட்டா என்ன சொல்லுவே?”

“போக்கா!”

“சண்டை வேணாம். அவனும் பாயட்டும், இவங்களும் நிக்கட்டும். எழுத்து ஒண்ணுதான், செலவு ஒண்ணுதான், படம் மட்டும் வேற. யாரு ஆளைக் கூட்டிட்டு வர்றாங்கன்னு பாத்துடலாம்.”

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, அப்போதுதான் எது வேலை செய்தது என்று தெரியும். வட்டக்கா தொழிலில் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கண்டிப்பு இது.

*

மறுநாள் மதியம் கண்ணாடிக் கடைக்காரரின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இடையில் ஒரு தடவை நீச்சல் பக்கத்தைத் திறந்தாள். பையன் பாய்ந்துகொண்டே இருந்தான், அவனைத் தேடி யாரும் வரவில்லை. தையல்காரம்மாவின் முதுகைப் பார்த்து போன் மேல் போன் போட்டிருந்தார்கள்! “அம்மாடியோவ்!” என்று அவள் போட்ட சத்தத்தில் கீழே டயர் கழற்றிக்கொண்டிருந்தவர், “என்ன வட்டக்கா, பாம்பா?” என்று கேட்டார்.

“அதைவிட நல்ல விஷயம்ணே!”

தங்கைக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. தங்கை தண்ணீருக்குள் இருக்கிறாள். போன் லாக்கருக்குள் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்துப் பேச நினைத்த பயந்தாங்கொள்ளிகள் எல்லாரும் லாக்கருக்கு மணி அடித்துக்கொண்டிருக்கிறார்கள்! வாழ்நாள் முழுக்கத் தள்ளிப்போட்ட ஒருவர் துணிந்து ஒருமுறைதான் கூப்பிடுவார். எடுக்காவிட்டால், “நல்லதாப் போச்சு” என்று வைத்துவிடுவார்.

வட்டக்கா படியிறங்கி ஓடினாள். விளம்பரத்தில் இருந்த எண்ணை அழித்துத் தன் எண்ணைப் போட்டது ஆட்டோவில் போகும்போதே. தங்கையின் போனை வாங்கி, விட்டுப்போன அழைப்புகளுக்கு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிட்டது குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்து. பழைய வேலை பழைய குரலோடு திரும்பி வந்துவிட்டது.

“வணக்கம், நீச்சல் வகுப்பு! ஆமாங்க, நின்னா போதும்... இல்லீங்க, யாரும் தள்ளிவிட மாட்டாங்க... தொப்பை இருந்தா என்னங்க, மிதக்கிறதுக்கு வசதி!”

ஆள் வரத் தொடங்கியது. பெரியவர்கள், முகத்தில் பல் மருத்துவரிடம் வந்த களையோடு, ஒவ்வொருவராகக் கம்பியைப் பிடித்தார்கள். கம்பியின் நடுவில் தொடங்கி இரு பக்கமும் வரிசை நீண்டது. தங்கை பாயும் பையனை அவளாகவே நிறுத்தச் சொன்னாள்.

மாதக் கடைசி வாரம். அன்று தண்ணீர் பலமாகத் தெறித்ததால், வட்டக்கா பெஞ்சை விட்டு நகர்ந்து, குளத்துக்காரரின் அலுவலக அறை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். மூடியிருந்த மங்கல் கண்ணாடி ஜன்னல். போன் அடித்தது.

“வணக்கம், நீச்சல் வகுப்பு!”

“மேடம்...” கிசுகிசுப்பான ஆண் குரல். “அந்த... நின்னா போதும்னு போட்டிருக்கே. நிஜமாவா?”

“நிஜம்தாங்க.”

“அப்படியா சேதி!”

அந்தச் சொல் அவளுக்கு இரண்டு தடவை கேட்டது. ஒன்று போன் வழியாக, இன்னொன்று தலைக்கு மேல் ஜன்னல் வழியாக. கூடவே சாவிக்கொத்தும் இரண்டு தடவை குலுங்கியது.

வட்டக்கா சட்டென்று குனிந்து உட்கார்ந்தாள். சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அவளது குரல் ஜன்னல் வழியாக உள்ளே போய்விட்டால்? வாயைக் கையால் மூடிக்கொண்டு அவளும் கிசுகிசுத்தாள்.

“சொல்லுங்க சார்.”

“வயசு அறுபது ஆவுது. இத்தனை நாள் தண்ணிப் பக்கமே போனதில்ல. போகாததுக்குக் காரணமும் சொல்ல முடியாது. சின்ன வயசுல அப்பா தூக்கிப் போட்டாரு, ஒரு தடவை. அதோட சரி.” சாவிக்கொத்து மறுபடி குலுங்கியது. “இப்ப வந்து நின்னு, தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா? சிரிப்பாங்களே?”

அவளுக்குள் பொங்கிய சிரிப்பு அடங்கியது. சுவரை ஒட்டியே நடக்கும் அந்தப் பளபளப்பு ஷூ நினைவுக்கு வந்தது. தன் குளத்தின் விளிம்புக்குக்கூட வராத மனிதர்.

“சார், தண்ணில முதல் நாள் நிக்கிறவங்க அவங்கவங்க காலைத்தான் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருப்பாங்க. அடுத்தவங்களைப் பாக்க அவங்களுக்கு நேரமே இருக்காது.”

“அப்படியா சேதி...” இம்முறை மெதுவாக. “யோசிச்சுச் சொல்றேன் மேடம்.” வைத்துவிட்டார்.

பெயர் கேட்கவில்லை அவள். எப்படித் தெரிந்தது என்று கேட்காமல் விட்ட முதல் அழைப்பும் அதுதான். தங்கையிடமும் மூச்சு விடவில்லை. விசாரிக்கிறவர் வேறு, வருகிறவர் வேறு. வந்து நிற்கும்வரை அவர் வெறும் குரல்தான்.

*

கடைசி சனிக்கிழமை. மதிய வெயில் கூரைக் கண்ணாடி வழியாக விழுந்து தண்ணீரில் ஆடியது. கம்பி நெடுகக் கைகள்! தையல்காரம்மா இப்போது ஒரு கையை விட்டுவிட்டு நின்றாள். லாரி டிரைவர் புதிதாக வந்தவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். வட்டக்காவுக்கு உட்காரவே முடியவில்லை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள்.

போன் அதிர்ந்தது. பதிவு செய்திருந்த ஒரு அம்மாவின் செய்தி. காய்ச்சலாம், அடுத்த வாரம் வருகிறாராம்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில், கம்பியின் கடைசி முனையில், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. எல்லாரையும் தள்ளித் தள்ளி நிற்கச் சொன்னால் மறைத்துவிடலாம். தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அந்த நேரத்தில் சாவிச் சத்தம் கேட்டது.

குளத்துக்காரர் சுவரை ஒட்டியே வந்தார். வரிசையை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவரின் புருவம் உயர்ந்துகொண்டே போனது. இவ்வளவு பேரை அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் பார்வை காலி இடத்தில் வந்து நின்றது.

“டீச்சர், அந்த முனை...” என்று ஆரம்பித்தார்.

தங்கையின் முகம் வாடியது. வட்டக்கா அவர் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லப் பேசினாள்.

“சார், ஒருத்தரு போன்ல விசாரிச்சாரு. யோசிச்சுச் சொல்றேன்னாரு. அந்த இடம் அவருக்குன்னு விட்டு வச்சிருக்கோம். வருவாரான்னு தெரியாது. பேரு கேக்கல, கேக்கவும் மாட்டேன்.”

சாவிக்கொத்து சத்தம் நின்றுபோனது. அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு மங்கல் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தார்.

“என்ன விசாரிச்சாராம்?”

“தெரிஞ்சவங்க பார்த்தா சிரிப்பாங்களேன்னு.”

குளத்துக்காரர் வரிசைப் பக்கம் திரும்பினார். தையல்காரம்மா, டிரைவர், மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும் மற்ற எல்லாரும் குனிந்து தண்ணீருக்குள் அவரவர் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. அவர் வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

“அப்படியா சேதி” என்றார், தனக்குத்தானே.

பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு ஷூவைக் கயிறு அவிழ்த்துக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த ஷூவையும் கழற்றினார். காலுறைகளைச் சுருட்டி உள்ளே வைத்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து வட்டக்காவின் கையில் கொடுத்துவிட்டு, பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டார்.

தங்கை வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அது ஒரு கணம்தான். அடுத்த கணம் அவள் டீச்சராகிவிட்டாள். தண்ணீரை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து கையை நீட்டினாள்.

“வாங்க சார். கம்பிய மட்டும் பிடிங்க. இன்னைக்கு நின்னா போதும்.”

முதல் படி. தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டாம் படி. மடித்த பேண்ட் நனைந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. கடைசிப் படியும் முடிந்தது. கை கம்பியைத் தேடிப் பிடித்தது. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் தலையைத் தூக்காமலே, “இறுக்கிப் பிடிங்கண்ணே, முதல் நாள் எல்லாரும் இப்படித்தான்” என்றார்.

குளத்துக்காரர் கண்ணைத் திறந்தார். குனிந்தார். தன் காலைப் பார்த்தார்.

கம்பியில் முனைக்கு முனை ஆள்!

வட்டக்கா சாவிக்கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குதிக்க வேண்டும்போல் இருந்தது, ஈரத் தரைக்குப் பயந்து நின்ற இடத்திலேயே இரண்டு தடவை எக்கினாள். குளத்துக்கு நாலெட்டில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரரைக் குளத்துக்குள் கொண்டுவர விளம்பரம் போட வேண்டியிருந்திருக்கிறது! அந்த ஒரு அழைப்புக்கு ஆன செலவு ஒரு டீ விலைகூட இருக்காது.

போனை எடுத்தாள். விளம்பரத்தை நிறுத்தும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். யாரும் வராததால் நிறுத்திய விளம்பரங்கள் அவள் தொழிலில் உண்டு. ஆள் நிறைந்துவிட்டதால் நிறுத்துவது என்பது எப்போதோ ஒருமுறை வாய்ப்பது. ரசித்து, மெதுவாக அழுத்தினாள்.

அழுத்தி முடிப்பதற்குள் பெரியப்பாவிடமிருந்து செய்தி வந்து விழுந்தது.

‘கண்ணு, இன்னைக்குத்தானே அந்தக் கடைசி சனிக்கிழமை? ஒரே ஒரு தட்டு தட்டட்டுமா?’

வட்டக்கா சிரித்துக்கொண்டே பதில் எழுதினாள்.

‘வேண்டாம் பெரியப்பா. இடம் காலி இல்ல.’